கலைவாணர் கிருஷ்ணன்: நகைச்சுவைப் படத்துக்கு ஓர் உரைகல்

புதிய நகைச்சுவைப் படமொன்று ஊர்ப் படமாளிகைக்கு வந்துவிட்டால், அது பணம் கொடுத்துப் போய்ப் பார்க்கத் தக்கதோ, சில வாரம் பொறுத்து வீட்டிலிருந்தே சிறுதிரையிற் பார்த்துக்கொள்ளலாமோ என்று என்னிடம் வினவும் மாணாக்கர் சிலர் உளர். பண்டிதரிடம் கேட்கும் கேள்வியா இது என்று உடனாசிரியர்கள் பகிடி பண்ணுவதுண்டு. நான் அவ்வாறு கருதுவதில்லை. மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். அந்நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கன் அடியாகப் பிறக்கும் என்றும் அவர் வகுத்தார். ஆகவே, சிரிப்பைப் பற்றிய கேள்வி இலக்கணம் கற்பிப்பவனுக்குப் புறம்பான கேள்வியன்று.

அந்நான்கனுள் எள்ளலுக்கு உரை வகுத்த பேராசிரியர் நுண்ணியதொரு வேறுபாடு காட்டியுள்ளார். பிறரைத் தான் எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதல் மற்றொன்று. முன்னையது எளிது. தெருவில் வழுக்கி விழுந்தவனைக் கண்டு சிறு பிள்ளைகளும் சிரிப்பர். பின்னையதோ அரிது. நமது குறையைப் பிறர் எடுத்துக் காட்டும்போது சினம் பிறப்பதே இயல்பு; அவ்விடத்துச் சிரிப்பை வருவித்தற்குத் தனியாற்றல் வேண்டும். இவ்விரண்டாம் வகையை வகுப்பில் விளக்க நேரும்போதெல்லாம் எனக்கு உதாரணமாக வந்து நிற்பவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன். படம் பார்க்கத் தக்கதோ என்னும் கேள்விக்கும் அவருடைய வாழ்க்கையைக் கொண்டே நான் விடை கூறுவது வழக்கம்.

நாஞ்சில் நாடு அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. அங்கே நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில், 1908ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள், சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகக் கிருஷ்ணன் பிறந்தார். வறுமை மிக்க குடும்பம். பள்ளிப் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. பகலில் ரெனிஸ் மட்டைகளுக்கு நரம்பு பின்னும் கடையில் வேலை. இரவில் நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கும் வேலை. இவ்விரண்டாவது வேலையை அவருடைய வரலாறு எழுதுவோர் வறுமைக்குச் சான்றாக மட்டும் குறித்துவிட்டு அப்பாற் செல்வர். அதனுள் வேறொரு பயனும் இருந்தது என்பது என் துணிபு. நடிகராக வந்தோர் பலர் நாடகத்தை மேடைப் பக்கமிருந்து கற்றவர்கள். கிருஷ்ணனோ அதனைச் சபைப் பக்கமிருந்து கற்றவர். தட்டை ஏந்திக்கொண்டு வரிசைகளுக்கிடையே திரிந்த சிறுவனுக்கு, எந்த இடத்தில் மக்கள் அழுகின்றனர், எந்த இடத்தில் கொட்டாவி விடுகின்றனர், எந்தப் பேச்சுக்குத் தரையில் இருப்பவனும் நாற்காலியில் இருப்பவனும் ஒருங்கே சிரிக்கின்றனர் என்பது முகத்துக்கு முகம் தெரிந்திருக்கும்.

நாஞ்சில் நாட்டில் வழங்கிய வில்லுப்பாட்டிலும் அவர் இளமையிலேயே பயின்றார். அக்கலையில் தலைமைப் பாடகர் கதை சொல்ல, பக்கத்திலிருப்பவர் ஆமாம் போட்டும், குறுக்கே கேள்வி கேட்டும், அறியாதவர் போல் நடித்தும் கதையை நடத்திச் செல்வர். பேதைமை பூண்டு உண்மையைச் சொல்லும் அவ்வழியைக் கிருஷ்ணன் வாழ்நாள் முழுவதும் விட்டிலர். நம் நாட்டில் வில்லிசையை ஊரூராகக் கொண்டுசென்ற சின்னமணி அவர்கள் தமது குழுவுக்குக் கலைவாணர் என்னும் பெயரையே சூட்டியிருந்தமை நேயர் பலர்க்கு நினைவிருக்கும்.

1920களில் ரி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையிற் சேர்ந்தார். அக்காலத்து நாடக சபைகள் ஒருவகையில் குருகுலங்களே. பாட்டு, வசனம், நடை, தாளம் எல்லாம் அங்கே பயிற்றப்பட்டன. ஒருவர் நோயுற்றால் அவருடைய வேடத்தை மற்றொருவர் அன்றிரவே ஏற்றாக வேண்டும். தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கியபின் அச்சபையினரின் 'மேனகா' 1935இற் படமாகியது. கிருஷ்ணன் அதில் நடித்தார். மறு ஆண்டு, அமெரிக்கரான எல்லிஸ் டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' வெளிவந்தது. எம். ஜி. இராமச்சந்திரன் திரையில் முதன்முதல் தோன்றியதும் அப்படத்திலேதான். அதே ஆண்டு 'வசந்தசேனா' என்னும் படத்துக்காகப் புனாவுக்குச் சென்றவிடத்து ரி. ஏ. மதுரத்தைக் கண்டார், அங்கேயே மணமும் நிகழ்ந்தது.

மதுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமற் செல்லுதல் முறையன்று. திரையில் நகைச்சுவை இணை என்றால் ஆண் பேச, பெண் அடி வாங்குவதாகவே பின்னாளிற் பல படங்கள் அமைந்துவிட்டன. கிருஷ்ணன் மதுரம் காட்சிகளிலோ பெரும்பாலும் தோற்பவர் கிருஷ்ணன். வீரம் பேசுவார், மனைவி ஒரு சொல்லால் அவ்வீரத்தை உடைப்பார். வித்தை காட்டுவார், மனைவி வித்தையின் முடிச்சை அவிழ்ப்பார். ஆடவர் நிறைந்த அக்காலக் கொட்டகையில் ஆடவனின் வீறாப்பே சிரிப்புக்கு இலக்காயிற்று. எள்ளப்பட்டவர் தாமே நகும் நகை அங்கேயே தொடங்கிவிட்டது.

1940ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தமிழ்ப் படத்துள் கிருஷ்ணனின் பகுதி தனி அரசு போலாயிற்று. ரி. எஸ். துரைராஜ், புளிமூட்டை இராமசாமி, காகா இராதாகிருஷ்ணன் முதலியோரைத் துணையாகக் கொண்டு தமது பகுதிக்கு வேண்டிய கதை, வசனம், பாட்டு யாவற்றையும் தாமே அமைப்பித்து, தாமே காட்சிகளை நடத்திப் படம் பிடித்துக் கொடுப்பார். மூலக்கதைக்கும் அதற்கும் தொடர்பு இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. விலைபோகாது கிடந்த படங்களுக்கும் கிருஷ்ணன் மதுரம் பகுதி ஒன்றைச் சேர்த்து வெளியிட்டுப் பிழைத்துக்கொண்ட முதலாளிகள் உண்டு. துண்டுப் பிரசுரத்தில் இவ்விருவர் பெயரும் உண்டா என்று பார்த்தபின்பே ரிக்கற்றுக்குக் காசு எடுத்த தலைமுறை அது. என் மாணாக்கர் இன்று கேட்கும் கேள்விக்கு அன்றையவர் கண்ட விடை அவ்வளவு சுருக்கமாயிருந்தது.

இம்முறையிற் குற்றமில்லை என்று நான் வாதிடமாட்டேன். 1942இல் வந்த 'கண்ணகி' படத்திலும் கிருஷ்ணன் மதுரம் பகுதி உண்டு. சிலப்பதிகாரம் கற்றவர்க்கு, கோவலன் மதுரைக்குச் செல்லும் துயரக் கதையின் நடுவே வேறொரு கதை வந்து சிரிப்பூட்டுவது, சோற்றிற் கல் கடித்தாற் போலவே இருக்கும். படத்துக்குள் ஒட்டுத்துணி வைத்துத் தைக்கும் வழக்கம் அவர் காலத்தில் வேரூன்றியது. பின்வந்தோர் தையலைக் கைக்கொண்டு துணியைக் கைவிட்டனர். கிருஷ்ணனின் ஒட்டுத்துணி மூல ஆடையிலும் உறுதியானது என்பதே அவர்க்கு நாம் சொல்லக்கூடிய சமாதானம். அக்காலத்துப் படங்கள் சிலவற்றின் மூலக்கதை இன்று எவர்க்கும் நினைவில்லை.

1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' வெளிவந்தது. கிருஷ்ணனும் மதுரமும் அதில் இருந்தனர். அடுத்த மாதம், நவம்பர் 8ஆம் நாள், நடிகர்களைப் பற்றி இழிவான செய்திகளை எழுதிப் பத்திரிகை நடத்திவந்த இலக்ஷ்மிகாந்தன் சென்னை வேப்பேரியிற் கத்தியாற் குத்தப்பட்டு, மறுநாள் மாண்டார். டிசம்பரில் பாகவதரும் கிருஷ்ணனும் கைதாயினர். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில் இருவர்க்கும் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளியது. இலண்டனிலிருந்த பிரிவிக் கவுன்சில் வரை வழக்குச் சென்றது. அம்மன்றம் மறுவிசாரணைக்கு வழிசெய்ய, 1947ஆம் ஆண்டு ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர்.

அவர்கள் சிறையிலிருந்த அக்காலத்தின் பெரும்பகுதியிலும் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டேயிருந்தது. சென்னை புரோட்வே படமாளிகையில் மூன்று தீபாவளிகளை அது கண்டது. கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டுக் கம்பிக்குப் பின்னால் இருக்கும் ஒருவனை, மாலைதோறும் மக்கள் காசு கொடுத்துப் போய்க் கண்டு வாய்விட்டுச் சிரித்தனர். அச்சிரிப்பு அவர்கள் அவருக்கு அளித்த தீர்ப்பு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வழக்கின் ஏடுகளை ஆராய்ந்து எழுதுவோர் இதனைப் பொருட்படுத்தமாட்டார்கள்.

வெளியே மதுரம் சும்மா இருந்தாரல்லர். வழக்குக்குப் பணம் திரட்டவும், கணவனை நம்பியிருந்த கலைஞர்களைக் காக்கவும், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு கிருஷ்ணன் பெயரிலேயே நாடக சபை நடத்தினார். அச்சபையினர் நடித்த 'பைத்தியக்காரன்' படமாகிக்கொண்டிருந்தபோது விடுதலை வந்தது. கிருஷ்ணனுக்கென்று அப்படத்திற் புதிய காட்சிகள் சேர்க்கப்பட்டன. அவற்றில் அவர் செய்தது யாது? தாம் கண்ட சிறை வாழ்க்கையையே பாட்டாக்கிப் பகிடி செய்தார். ஏறக்குறைய இரண்டரை ஆண்டு அவமானத்தைச் சபை நடுவே தாமே எடுத்து வைத்து, முதலில் தாமே சிரித்தார்.

பாகவதர் நிலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அவரும் குற்றமற்றவராகவே வெளியே வந்தார், குரலும் இருந்தது, ஆயினும் பழைய வெற்றி மீளவில்லை. அழகுக்கும் இசைக்கும் வணங்கப்பட்ட ஒருவர்மேற் புழுதி படிந்தால் அது போவதில்லை. தம்மைத் தாமே எள்ளி வாழ்ந்தவர்க்கோ, புழுதியும் கைம்முதலாயிற்று. எஸ். எஸ். வாசன் தாம் எடுத்துக்கொண்டிருந்த 'சந்திரலேகா'வுக்குக் கிருஷ்ணன் மதுரம் இருவரையும் சேர்த்துக்கொண்டார். கலைவாணர் என்னும் பட்டம் அவருக்குப் பம்மல் சம்பந்த முதலியார் கையால் 1947இலேயே கிடைத்தது.

கலைவாணரின் படங்களுள் நான் பெரிதாக மதிப்பது 1949இல் வந்த 'நல்லதம்பி'. சி. என். அண்ணாத்துரை எழுதிய கதை. கிருஷ்ணன் பஞ்சு இயக்கம். உள்ளதைச் சொன்னால், அப்படம் முழுவதும் ஒரே தரமானதன்று. மதுவிலக்கும் சிக்கனமும் சீர்திருத்தமும் பற்றிய பேச்சுக்கள் சிலவிடத்து மேடைப் பிரசங்கமாகிவிடுகின்றன. சிரிக்கவந்தவனை நிறுத்திவைத்துப் பாடம் சொல்லும் குறை கலைவாணர்க்கு உண்டு. பாடம் சொல்வதே தொழிலாகக் கொண்ட எனக்கே அவ்விடங்களில் அலுப்புத் தட்டுகிறது. ஆயினும் அதனுள் வரும் கிந்தனார் காலட்சேபம் அக்குறையெல்லாவற்றையும் ஈடுசெய்கிறது.

கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை நாம் அறிந்தது. அக்கதாகாலட்சேப முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, உடுமலை நாராயணகவியின் பாட்டுக்களோடு, கல்வி வேட்கை கொண்ட கிந்தன் என்னும் ஒடுக்கப்பட்ட சிறுவனின் கதையைக் கலைவாணர் நடத்தினார். நந்தன் விரும்பியது சிதம்பர தரிசனம். கிந்தன் விரும்பியது படிப்பு. பள்ளிக்கூட வாத்தியார் அடித்துத் துரத்துகிறார். சிறுவன் புகைவண்டி ஏறிப் பட்டணம் போகிறான். படித்து, கல்வி அதிகாரியாய்த் தன் ஊருக்கே மீண்டு வருகிறான். புகைவண்டி வந்துவிட்டபின் தீட்டு எங்கே போய் ஒளிந்துகொண்டது என்னும் பகிடி அதனூடே ஓடுகிறது. எல்லாரும் ஒரே பலகையில் இருந்து போகும் வண்டியைக் காட்டியே, இறங்கியபின் விலகி நடக்கும் மக்களை அவர் எள்ளினார். படமாளிகையும் அவ்வண்டி போன்றதே என்பதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவ்விருட்டில் அருகருகே இருந்தவர்களுக்குச் சொல்லவும் வேண்டியதில்லை.

இப்படத்தை நான் முதலிற் கண்டது படமாளிகையிலன்று. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் மண்ணெண்ணெயில் ஓடும் மின்பிறப்பாக்கியை வைத்து, தொலைக்காட்சிப் பெட்டியை மேசைமேல் ஏற்றி, வாடகைக்கு எடுத்த நாடாவைப் போட்டுக் காட்டுவர். அயலெல்லாம் கூடிவிடும். அவ்வாறு ஓரிரவு 'நல்லதம்பி' ஓடியது. முன்னே பாயில் இருந்தவர் யார், பின்னே வேலியோரம் நின்று பார்த்தவர் யார் என்பதை நம் ஊர் நிலை அறிந்தவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. வாத்தியார் கிந்தனை விரட்டும் இடத்தில் வேலியோரத்தில் முதலிற் சிரிப்பெழுந்தது. பின்னர்ப் பாயிலிருந்தவர்களும் சிரித்தனர். கிந்தன் போன்றாரைத் தம் வீட்டுத் திண்ணையில் ஏற்றாத முதியவர் ஒருவர் எல்லாரிலும் உரத்துச் சிரித்தார். அவர் எதனை எண்ணிச் சிரித்தார் என்று நான் பலகால் யோசித்ததுண்டு. மறுநாளே திண்ணை திறந்துவிட்டது என்று சொல்ல நான் கதாசிரியனல்லன்; அது திறக்கவில்லை. ஆயினும் அச்சிரிப்பை அவர் விழுங்க முடியவில்லை என்பதை நான் கண்ணாற் கண்டேன். பேராசிரியர் உரை அன்றுதான் எனக்குப் பொருளாயிற்று.

அதே காட்சியை அண்மையில் ஒருநாள் கணினியில் தனியே இருந்து பார்த்தேன். பாட்டின் சந்தமும், கலைவாணரின் குரலேற்றத் தாழ்வுகளும், பின்பாட்டுக்காரர் தலையசைப்பும் முன்னிலும் தெளிவாய் விளங்கின. சிரிப்பு மட்டும் வரவில்லை. வியப்பே வந்தது. தனியே இருப்பவனை எள்ளினால் அவன் நூல் படிப்பது போல் அதனைப் படித்துக்கொள்கிறான். பக்கத்தில் எவருடைய சிரிப்பு முதலில் எழுகிறது, அது தன்னை நோக்கி வருகிறதா என்னும் நெருக்கடி அவனுக்கு இல்லை.

ஆகவே, மாணாக்கர் வினவும்போது நான் திருப்பி வினவுவது இதுவே: படத்தைக் கண்டுவந்தவர்கள் யாரைப் பார்த்துச் சிரித்ததாகச் சொல்கிறார்கள்? கறுத்தவன், பருத்தவன், திக்கிப் பேசுபவன், வேலைக்காரன் ஆகியோரைப் பார்த்து என்றால், அப்படத்துக்குக் கூட்டமே வேண்டியதில்லை. அவ்வகைச் சிரிப்பைத் துண்டு துண்டாக வெட்டிக் கைப்பேசியில் அனுப்புகிறார்கள். இலவசமாகக் கிடைப்பதற்கு ஏன் ரிக்கற் எடுக்க வேண்டும்? கண்டுவந்தவர்கள் சற்றுத் தயங்கி, எங்கள் வீட்டைப் போல இருந்தது, எங்கள் பள்ளிக்கூடத்தைப் போல இருந்தது என்பார்களாயின், குடும்பத்தோடு போங்கள், கூட்டமுள்ள நாளிலேயே போங்கள் என்பேன். வாத்தியாரைப் பரிகசிக்கும் படமாயின் என்னையும் கூட்டிச் செல்லுங்கள் என்று சொல்வதுமுண்டு. நடிப்பு, ஒளிப்பதிவு, பொருட்செலவு என்பன பற்றிப் பத்திரிகைகளில் எழுதப்படும் மதிப்புரைகளை நான் இகழவில்லை. கலைவாணரின் படங்களிற் பல அவ்வளவைகளில் தேறமாட்டா என்பதையும் மறைக்கவில்லை. 1951இல் அவரே தயாரித்து இயக்கிய 'மணமகள்' பத்மினிக்குத் தமிழில் நல்லதொரு வழியைத் திறந்தது. ஆயினும் அதிற் சில காட்சிகள் இன்றைக்கு ஆறிய சோறே.

1956இல் வந்த 'ராஜா ராணி'யிற் சிரிப்பையே பொருளாகக் கொண்ட ஒரு பாட்டுக்கு அவர் நடித்தார். இன்ன வகைச் சிரிப்பு இன்னது என்று ஒவ்வொன்றாய்ச் சிரித்துக் காட்டும் காட்சி அது. மெய்ப்பாட்டியல் நடத்தும் ஆசிரியர் எவரும் அதனை ஒருமுறை மாணாக்கர்க்குப் போட்டுக் காட்டலாம். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர் தொல்காப்பியம் கற்றிருந்தாரோ என்பது வேண்டாத ஆராய்ச்சி. அவர் கற்ற நூல் கொட்டகையில் இருந்தது.

கையில் வந்த பொருளை வைத்துக்கொள்ளும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. உதவி கேட்டு வந்தவர்க்கு இல்லை என்னாது கொடுத்தார். காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் தம் செலவிலேயே நினைவுத்தூண் எழுப்பினார். திரையிற் சிக்கனம் போதித்தவர் வீட்டில் அதனைக் கைக்கொள்ளவில்லை. இறுதிக் காலத்திற் கடனும் நோயும் சேர்ந்துகொண்டன. 1957ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயது நிரம்புமுன் மறைந்தார். மதுரம் 1974 வரை இருந்தார். சென்னை தியாகராயநகர்ப் பகுதியில் நிறுவிய கலைவாணர் சிலையை 1969ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் முதலமைச்சர் அண்ணாத்துரை திறந்துவைத்தார். நோயோடு வந்து கலந்துகொண்ட அவருக்கு அதுவே கடைசிப் பொது நிகழ்ச்சி. மூன்று வாரத்துள் அவரும் மறைந்தார்.

1937இல் பாகவதர் நடித்த 'அம்பிகாபதி' வந்தபோது கிருஷ்ணன் அதில் இருந்தார். இருபது ஆண்டு கழித்துச் சிவாஜி கணேசன் நடித்த 'அம்பிகாபதி'யிலும் அவர் இருந்தார். பின்னையது திரைக்கு வந்தது 1957 ஒக்டோபரில். அவர் இறந்து இரண்டு மாதம் ஆகவில்லை. அப்படத்தை அக்காலத்திற் படமாளிகையிற் கண்ட முதியோர் நம் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கின்றனர். அன்று கலைவாணர் திரையில் தோன்றியபோது கொட்டகை சிரித்ததா, மௌனமாயிருந்ததா என்று அவர்களைக் கேட்டுக் குறித்துவைக்கும்படி என் மாணாக்கர் இருவரிடம் சொல்லியிருக்கின்றேன்.